பழைய சோற்றுப் பானையும் வேலூர் ஆய்வுக்கூடமும்

தோல் தொழிலறிந்த ஊராருக்கு நுண்ணுயிர்களைப் பற்றி எடுத்துரைப்பது எளிது. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றையொட்டி நீளும் தோல் நகரங்களில் பிறந்த எவருக்கும், உரித்த தோலை உடனே உப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். நாற்றமெடுத்து, மயிர் கழன்று, தொட்ட இடம் கையோடு வரும். உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அழுகச் செய்யும் உயிர்கள் பெருக வழியின்றிப் போகின்றன. ஆனால் அதே தோல் சுண்ணாம்புக் குழியிலிருந்து விறைத்து வெளிவந்த பின்னர், அதனை மெதுவாக்குவதற்கு அந்த நுண்ணுயிர்களின் தயவே வேண்டியிருந்தது. ஐரோப்பியத் தொழிற்கூடங்களில் புறா எச்சத்தையும் நாயின் மலத்தையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தோலை அதில் ஊறவைத்தார்கள். புளித்த தவிட்டு நீரிலும் இட்டார்கள். அருவருப்பான வேலைதான்; எனினும் அது இல்லாமல் கையுறைக்கான மென்தோல் கிடைக்கவில்லை. அந்த எச்சத்தில் தொழிற்படுவது எது என்பதை ஆராய்ந்த ஜெர்மானியர் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிப்பொருளே அவ்வேலையைச் சுத்தமாகச் செய்துவிடும் என்று 1907இல் காட்டினார். அழிப்பவையும் ஆக்குபவையும் ஒரே இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களே என்பதை, ஏட்டைப் புரட்டாமலே அறிந்தவர்கள் நம் தொழிலாளிகள்.

அதே 1907ஆம் ஆண்டில்தான் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்திலிருந்து எலீ மெச்னிகாஃப் என்னும் ரஷ்ய அறிஞர், மனிதனின் குடலைப் பற்றி இதே கருத்தை நூலாக வெளியிட்டார். தோலுக்கு உரியது குடலுக்கும் உரியதாயிற்று. அவரைப் பற்றிக் கூறுமுன், நம் அரபு மருத்துவ மேதைகள் குடலை எவ்வாறு கண்டார்கள் என்பதைச் சற்று நோக்குதல் தகும்.

வயிறே நோய்களின் இல்லம், பத்தியமே மருந்துகளின் தலை என்னும் பொருளுடைய சொல்லொன்று நம் மேடைகளில் நபிமொழியாகவே அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அஃது ஹதீஸ் அன்று. தாயிஃப் நகரத்து அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் தெளிவாகவே எழுதியிருக்கின்றார்கள். சொல் யாருடையதாயினும், உணவுக்கு மூன்றில் ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று வயிற்றைப் பகுத்துத் தந்த நபிவழி திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. நோயாளிக்கும் துயருற்றவருக்கும் வாற்கோதுமை மாவைக் காய்ச்சிய ‘தல்பீனா’ கஞ்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்தது புகாரீயில் உள்ளது. பாலைக் குறிக்கும் ‘லபன்’ என்னும் சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். கஞ்சியின் வெண்மையும் குழைவும் அதற்குக் காரணம்.

குடலைப் பொறுத்தவரை நம் மருத்துவ வரலாற்றில் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி, ஷைகுர் ரயீஸ் இப்னு சீனாவின் இறுதி நாட்களாகும். ‘குலஞ்ச்’ எனப்படும் கடுமையான குடல்வலியைப் பற்றித் தனியே ஒரு நூல் வரைந்தவர் அவர். அவருக்கு முன்னர் அர்ராஸீயும் அந்நோயைப் பற்றி எழுதியிருந்தார். அந்த நோயே இப்னு சீனாவைப் பற்றிக்கொண்டது. அரசர் அலாவுத்தவ்லாவின் படை புறப்பட்டுக்கொண்டிருந்தது. பின்தங்கிவிட மனமின்றி, விரைவில் குணமடைய விரும்பிய அவர் ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார் என்றும், அதனால் குடலில் புண்ணாயிற்று என்றும் அவருடைய மாணவர் அல்ஜூஸ்ஜானீ குறித்து வைத்துள்ளார். ஹிஜ்ரி 428, அதாவது கி.பி. 1037இல் ஹமதானில் அன்னார் மறைந்தார். நூற்றாண்டுகளுக்கு மருத்துவ உலகை ஆண்ட கானூனின் ஆசிரியரே குடலைக் கழுவி விரைவில் வென்றுவிட எண்ணினார். குடலை வெறுமையாக்கினால் நோய் தீரும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. இன்றும் வயிறு சற்றுப் பொருமினால் பேதி மருந்தைத் தேடும் நம் பாட்டிமார் வரை அது வாழ்கிறது. குடலில் இருப்பதெல்லாம் கழிவே அன்று, அங்கே ஒரு குடியிருப்பே உண்டு என்பது இப்னு சீனாவின் காலத்தில் எவரும் அறியக்கூடியதாக இருக்கவில்லை.

அந்தக் குடியிருப்பை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கெடுத்தவர்களுள் ஒருவர் தியடோர் எஷரிக். குழந்தைகளின் மலத்தில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 1885இல் அவர் வெளியிட்டார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் இரு கிளையாய்ப் பிரிந்த வடிவமுள்ள ஒருவகை உயிர் மிகுந்திருப்பதை, 1900ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸில் ஹென்றி டிஸியே கண்டார். மெச்னிகாஃப் இவற்றுக்குமேல் ஒரு பெருங்கொள்கையையே கட்டினார். பெருங்குடலில் அழுகல் உண்டாக்கும் உயிர்களே முதுமையை விரைவில் கொணர்கின்றன. புளித்த பாலிலுள்ள உயிர்கள் அவற்றை அடக்கும். பல்கேரிய நாட்டு உழவர் நெடுநாள் வாழ்வது தயிரினால்தான் என்றார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது உடலின் எதிர்ப்பாற்றல் பற்றிய அவருடைய வேறு ஆராய்ச்சிக்காகவே தவிர, தயிர்க் கொள்கைக்காக அன்று. இன்று தயிர்ப் புட்டிகளை விற்போர் இவ்வேறுபாட்டைச் சொல்லமாட்டார்கள். அவருடைய கொள்கையின் மறுபக்கத்தைப் பற்றிக்கொண்ட இலண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்னாட் லேன், கெட்ட குடியிருப்பு எதற்கு என்று பலருடைய பெருங்குடலையே அறுத்தெறிந்தார். எட்டு எனிமாவின் வழியில் அடுத்த படி அது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமானதிலிருந்து மேல்விஷாரம் அதனுள் அடங்கிவிட்டது. எனினும் நாம் சொல்லவிருக்கும் வரலாறு நடந்தபோது இவையெல்லாம் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டம். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆயிற்று. நம் ஊர்களில் ‘சி.எம்.சி.’ என்றால் போதும்.

1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலும் அண்டைப் பகுதிகளிலும் ஒரு விந்தையான கொள்ளைநோய் பரவியது. காலராவைப் போல ஓரிரு நாளில் கொன்றுவிடும் நோயன்று. வயிற்றுப்போக்கு தொடங்கும், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நில்லாது. பசி அடங்கும், நாக்கு வெந்து சிவக்கும், உடல் மெலியும், இரத்தம் வெளுக்கும், முடிவில் கால் வீங்கும். ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், மாண்டோரும் பலர். உண்ட உணவைக் குடல் ஏற்றுக்கொள்ளாமையே நோயின் அடிப்படை. ஆங்கில மருத்துவத்தில் அதற்கு ‘ஸ்ப்ரூ’ என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் நின்ற படைவீரர்களையும் அது வாட்டியிருந்தது. வேலூரின் செல்வின் பேக்கரும், அவருடன் உழைத்த வி. ஐ. மாத்தனும் நோயாளி வரட்டும் என்று மருத்துவமனையில் காத்திராமல் கிராமங்களுக்கே சென்றார்கள். வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவு இந்த உழைப்பின்மேல் எழுந்ததே.

நோய்க்குக் காரணமான ஒற்றைக் கிருமி எது என்பது அவர்களுக்கு அகப்படவில்லை. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் பலரைத் தேற்றின என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் தேடாத ஒன்று அகப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயற்ற கிராமத்தாரின் சிறுகுடலையும் சோதித்தபோது, அவர்களுடைய குடலும் மேல்நாட்டு நூல்களில் வரைந்திருப்பதைப் போல் இருக்கவில்லை. சிறுகுடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் நெருங்கி நிற்கும். நம் மக்களிடத்தில் அவை குட்டையாகி, இலையைப் போல் அகன்று தட்டையாகியிருந்தன. நுண்ணுயிர்கள் அரிதாகவே காணப்பட வேண்டும் என்று கருதப்பட்ட மேற்குடலில் அவை குடியேறியுமிருந்தன.

இஃது இனத்தின் கூறோ என்று ஐயுற இடமிருந்தது. அந்த ஐயத்தை வேலூர் ஆய்வாளர்களே தீர்த்தார்கள். கருவிலிருக்கும் சிசுவின் குடலில் அவ்விரல்கள் முறையாகவே நீண்டிருப்பதை 1969இல் அவர்கள் வெளியிட்டார்கள். அக்காலத்தில் டாக்காவில் சென்று தங்கிய அமெரிக்க இளைஞர்களின் குடலும் இவ்வாறே மாறியதையும், ஊர் திரும்பிய சில காலத்தில் பழைய நிலையை அடைந்ததையும் வேறு ஆய்வாளர் கண்டனர். ஆகவே பிறவி காரணமன்று. குடிநீரும் மண்ணும் சுற்றுப்புறமும் காரணம். மலம் கலந்த நீரை நாள்தோறும் அறியாமல் அருந்தும் மக்களின் குடல், நோயென்று சொல்லும்படி எதுவும் இல்லாமலே தேய்ந்துபோகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் நுண்ணுயிர் என்றாலே பகை என்ற முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். 1980இல் வேலூரிலிருந்து ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழுக்குச் சென்ற ஒரு சிறு கட்டுரை வேறொன்றைக் கூறியது. பி 12 என்னும் உயிர்ச்சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ளது. தாவர உணவில் கிடைப்பதில்லை. அப்படியிருக்க, புலால் அரிதாகவே உண்ணும் ஏழை மக்கள் பலர் அச்சத்துக் குறைவால் விழாமல் இருப்பது எங்ஙனம்? ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகிய மூவரும் சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்களைத் தனியே வளர்த்து, அவற்றுள் இரு வகையேனும் பி 12ஐத் தாமே ஆக்குகின்றன என்று நிறுவினார்கள். பெருங்குடலில் இச்சத்து உண்டாவது முன்னரே தெரிந்ததுதான். ஆனால் அங்கே உண்டாவது உடலில் சேராமல் வெளியேறிவிடும். சத்தை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. அதற்கு மேற்புறத்திலேயே ஆக்குவோர் குடியிருக்கிறார்கள் என்பதே வேலூரின் புதுச்செய்தி. அழையாமல் வந்து குடலைத் தேய்த்த கூட்டத்தினுள்ளேயே கூலி கொடுப்போரும் இருந்தனர்.

இதைப் படித்துவிட்டுப் பழைய சோற்றில் பி 12 பெருகிக் கிடக்கிறது என்று எழுதுவோர் உண்டு. கட்டுரை பேசியது மனிதக் குடலைப் பற்றி, மண்பானையைப் பற்றி அன்று. அவ்வாறே, ஓரிரவு ஊறிய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்காகிறது என்றொரு செய்தி ஆண்டுதோறும் கைப்பேசிகளில் வலம் வருகிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதைப் படைக்க இயலாது. தானியத்தில் இரும்பைக் கட்டிவைத்திருக்கும் பொருள் புளிப்பில் சிதைவதால், உள்ள இரும்பு உடலுக்கு எளிதில் கிட்டலாம், அவ்வளவே. பழைய சோற்றுக்கு உண்மையான பெருமை ஒன்று இருக்கையில் பொய்ப் பெருமை எதற்கு? அந்த உண்மைப் பெருமையைத் தெரிந்துகொள்ள, வேலூரின் அடுத்த ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும்.

1971இல் வங்கப் போரின்போது எல்லைப்புற நகரமான பன்காவில் அகதிகள் காலராவால் மடிந்துகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடங்களில் வைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஒவ்வொரு மருந்துக்கடையிலும் கிடைப்பது அதுவே. உயிரைக் காத்ததே ஒழிய, அது போக்கை நிறுத்தவில்லை. பேதி தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்க, இழந்த நீர் மட்டும் ஈடுசெய்யப்பட்டது. பிள்ளைக்கு இன்னும் நிற்கவில்லையே என்று தாய்மார் பொட்டலத்தை வெறுத்ததற்கு இதுவே காரணம். 1982இல் டாக்காவில் குளுக்கோஸுக்கு மாற்றாக அரிசி மாவை இட்டுப் பார்த்தபோது பயன் தெரிந்தது. உப்பிட்ட கஞ்சியைக் கொடுத்துவந்த நம் மூதாட்டியர் இதற்கு வியந்திருக்க மாட்டார்கள்.

வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா வேறொரு வினாவை எழுப்பினார். நீரை உறிஞ்சும் பேராற்றல் பெருங்குடலுக்கும் உண்டே, பேதியின்போது அது ஏன் கைகொடுப்பதில்லை? பெருங்குடலின் நுண்ணுயிர்கள், சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவரும் மாவுப்பொருளையும் நாரையும் புளிக்கச் செய்து சில எளிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடற்சுவரின் உயிரணுக்களுக்கு அவையே முதன்மையான உணவு. அவை உறிஞ்சப்படும்போது உப்பும், உப்புடன் நீரும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பேதியில் இந்த அமிலங்கள் அற்றுப்போகின்றன; அவற்றை மீண்டும் அளித்தால் பெருங்குடல் தன் வேலையைத் தொடங்குகிறது என்று 1993இல் ராமகிருஷ்ணாவும் மாத்தனும் காட்டினார்கள். அப்படியானால் நோயாளிக்குக் கொடுக்கும் நீரிலேயே, சிறுகுடலில் செரிக்காத மாவைக் கலந்து, பெருங்குடலில் காத்திருக்கும் உயிர்களுக்கு இரை அனுப்பினால் என்ன?

காலராவுற்ற 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ்.; இன்னொன்றுக்கு அதனுடன் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு; மூன்றாவதற்கு அதே அளவு செரிக்காச் சோளமாவு. முடிவு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வாயிலாக உலகுக்கு வந்தது. பேதி நிற்க முதற்பிரிவினருக்குச் சராசரி 91 மணி நேரம் ஆயிற்று. அரிசி மாவுப் பிரிவினருக்கு 71. செரிக்கா மாவுப் பிரிவினருக்கு 57. ஏறத்தாழ ஒன்றரை நாள் குறைந்தது. இதில் நோயாளிக்கு ஊட்டப்பட்டது மருந்தன்று. அவர் குடலில் வாழும் உயிர்களுக்கு உணவு. கிருமியைக் கொல்வதே மருத்துவம் என்றிருந்த காலத்தில் வளர்ந்த நமக்கு, இந்தச் சோதனையின் எளிமை இன்றும் வியப்பளிக்கிறது. பின்னர் பிள்ளைகளிடத்திலும் இம்முறையை அங்கே சோதித்து நற்பயன் கண்டு 2006இல் வெளியிட்டார்கள்.

செரிக்கா மாவு என்பது கடையில் வாங்கும் சோளமாவு மட்டும் அன்று. அரிசியைப் பொங்கும்போது அதன் மாவுத்துகள்கள் நீரை ஏற்று விரிந்து, எளிதில் செரிக்கக் கூடியவையாகின்றன. அச்சோறு ஆறிக் குளிரும்போது அவற்றுள் ஒரு பகுதி மீண்டும் இறுகி ஒழுங்குபடுகிறது. இறுகிய பகுதியைச் சிறுகுடலின் நொதிகளால் உடைக்க இயலாது. அது நேரே பெருங்குடலை அடைகிறது. சுடுசோற்றைக் காட்டிலும் ஆறிய சோற்றில் இது கூடுதல். எனினும் ஆய்வில் இட்ட மாவின் அளவோடு ஒப்பிட்டால் சிறிதே. எனவே காலராவுக்குப் பழைய சோறே போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் குடல்வாழ் உயிர்களுக்கு இரையிடும் உணவாக அதனைக் காண்பதே முறை. அதன்மேல், இரவெல்லாம் நீரில் ஊறுகையில் காற்றிலும் தானியத்திலும் பானையிலும் உள்ள புளிப்பு நுண்ணுயிர்கள் பெருகி, நீரைப் புளிக்கச் செய்கின்றன. அந்தப் புளிப்பு பிற கிருமிகள் தலையெடுக்காமல் தடுக்கிறது. அதிகாலையில் தோல் தொழிற்கூடம் சென்ற ஆடவர் ஒரு சொம்பு நீராகாரமும் சிறிய வெங்காயமும் கொண்டு நண்பகல் வரை ஊறல் தொட்டியில் நின்றது, இல்லாமையால் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். வட ஆர்க்காட்டில் வழங்கும் கேழ்வரகுக் கூழும் இவ்வகையினதே; கரைத்த மாவைப் புளிக்கவைத்துப் பின்னரே நொய்யுடன் காய்ச்சுவார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கூழும் இட்லியும் புளித்த பின் நெருப்பில் வேகின்றன. ஆதலால் அவற்றிலுள்ள உயிர்கள் மடிந்துவிடுகின்றன. புளிப்பு தானியத்தில் செய்த மாற்றமே நமக்குப் பயன். நீராகாரத்திலும் தயிரிலும் மோரிலும்தான் உயிருள்ளவை உள்ளே செல்கின்றன. நோன்புக் கஞ்சியில் உயிருள்ளவை இல்லை. ஆனால் அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு ஆகியவற்றில் குடல்வாழ் உயிர்கள் விரும்பும் நார் உண்டு. பதினான்கு மணி நேரம் வெறுமையாய்க் கிடந்த வயிற்றுக்குள் முதலில் இறங்க வேண்டியது அதுவே என்று முடிவுசெய்த முன்னோரின் அறிவை மெச்சலாம். அதன் மீது ஆறு வகைப் பொரித்த பண்டங்களை அடுக்குவது நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு.

புளித்த நீராகாரம் அருந்தலாமா, அதில் ஏதும் ஐயத்திற்கிடமில்லையா என்று சில முதியோர் நம்மிடம் கேட்டதுண்டு. நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு நெடிய முன்வரலாறு இருக்கிறது. உலர்திராட்சை ஊறிய நீரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்றும் மறுநாளும் மூன்றாம் நாள் மாலை வரையும் அருந்துவார்கள், அதன்பின் அருந்தமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வந்துள்ளது. மது தானே காடியாக மாறினால் தூயதாகிவிடும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஏதேனும் இட்டு மாற்றினால் என்ன என்பதில் மட்டுமே வேறுபடுகின்றன. அளவுகோல் போதைதானே ஒழியப் புளிப்பு அன்று. ஓரிரவு ஊறிய சோற்று நீரில் ஓங்கி நிற்பது பாலைத் தயிராக்கும் அதே அமிலம். புளிப்பின் படிகளை நாட்கணக்கிட்டுப் பிரித்தறிந்த அந்த நுண்மையை நினைக்கையில், நுண்ணுயிரைக் காணும் கண்ணாடி மட்டுமே அவர்களிடம் இல்லை என்று தோன்றுகிறது.

பானையின் பெருமை பானையில் ஊற்றும் நீரைப் பொறுத்தது. காய்ச்சி ஆறவைத்த நீரில் ஊறிய சோறு வேறு. சாக்கடையோரக் குழாயில் பிடித்த நீரில் ஊறியது வேறு. நீர் ஊற்றாமல் வெதுவெதுப்பாக மூடிவைத்த சோற்றில் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும் ஒருவகைக் கிருமி பெருகும் என்பதும் மெய்யே. பாலாற்றுப் பகுதியில் நீர் கெட்டது என்றால் உடனே தோல் கழிவைப் பற்றித்தான் பேசுகிறோம். 1996இல் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடிப்படையாயிற்று. மேல்விஷாரத்திலும் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. அந்த உப்பும் குரோமியமும் பெருந்தீங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் பேக்கரும் மாத்தனும் கண்ட குடல் தேய்வுக்கு அவை காரணமல்ல. மலம் கலந்த நீரே காரணம். அதைப் பற்றி நாம் வழக்குத் தொடுப்பதில்லை, ஏனெனில் எதிர்வாதி நாமே.

இந்தத் தேய்வின் விலை வேலூரிலேயே அளக்கப்பட்டது. வாய்வழிப் போலியோ சொட்டுமருந்து மேல்நாட்டுக் குழந்தைகளைக் காத்த அளவுக்கு வேலூர்க் குழந்தைகளைக் காக்கவில்லை என்பதை டி. ஜேக்கப் ஜான் 1972இலேயே வெளியிட்டிருந்தார். இதனாலேயே நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பல தவணைகள் தேவைப்பட்டன. 2014 மார்ச்சில்தான் இந்தியா போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. குடலில் மண்டிய கிருமிகளே சொட்டுமருந்துக்குத் தடையோ என்றெண்ணி, வேலூர்ப் பகுதிக் குழந்தைகளுக்கு அஸித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துவிட்டுப் பின்னர் சொட்டுமருந்து கொடுத்துப் பார்த்தனர். கிருமிகள் குறைந்தன, குடலின் அழற்சியும் தணிந்தது, சொட்டுமருந்தின் பயனோ கூடவில்லை. 2016இல் வெளியான முடிவு இது. நல்ல நுண்ணுயிர்களைத் தூளாகக் கொடுத்தால் ரோட்டா தடுப்புமருந்து நன்கு பிடிக்குமோ என்று வேறொரு சோதனையும் அங்கே நடந்தது. அதிலும் உறுதியான பயன் தென்படவில்லை.

ஆயினும் 2017இல் ஒடிசாவின் கிராமங்களிலிருந்து வந்த செய்தி வேறு விதமானது. 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைக் கொண்ட சோதனையில், ஒருசாராருக்குப் புளித்த தாவர உணவுகளில் இயல்பாக வாழும் ஒரு நுண்ணுயிரை அதற்குரிய இரையுடன் சேர்த்து ஒரு வாரம் புகட்டினர். மற்றவர்களில் 9 விழுக்காட்டினர் இரத்தத்தில் கிருமி பரவும் நோய்க்கு ஆளாகவோ இறக்கவோ நேர்ந்தபோது, இவர்களில் அது 5.4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. வேலூரில் கைகொடாதது ஒடிசாவில் கைகொடுத்தது எதனால்? நுண்ணுயிரின் வகை வேறு. கொடுத்த வயது வேறு. எதிர்பார்த்த பயனும் வேறு. ‘நல்ல நுண்ணுயிர்’ என்று பொதுப்பெயரிட்டுப் புட்டியில் விற்பதை வாங்குமுன், எந்த வகை, எந்த நோய்க்கு, யாரிடத்தில் சோதித்தது என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான்கு முறை வயிற்றாலை போனதும் மருந்துக்கடையில் நின்று இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. பெரும்பாலான பேதிக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. உப்புச்சர்க்கரை நீரும், பிள்ளைகளுக்குத் துத்தநாக மருந்தும், விடாத உணவுமே போதும். 2014 மார்ச் முதல் இவ்வகை மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைத் தனி ஏட்டில் பதிய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த ஏட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. மாத்திரை கெட்ட கிருமியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. பி 12 ஆக்கித் தருபவையும், சோற்றின் எச்சத்தைப் புளிக்கவைத்துக் குடற்சுவருக்கு ஊட்டுபவையும் அதில் சேர்ந்தே மடிகின்றன. அவை பழைய நிலைக்குத் திரும்ப வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. சில திரும்புவதே இல்லை.

ராமகிருஷ்ணாவின் செரிக்கா மாவு இன்னும் உலக நல நிறுவனத்தின் பொட்டலத்தில் இடம்பெறவில்லை. 2002இல் அப்பொட்டலத்தின் உப்பையும் குளுக்கோஸையும் சற்றே குறைத்தார்கள். குடல்வாழ் உயிர்களுக்கான பங்கு அதில் சேர்க்கப்படவில்லை. வேலூர்க் குழந்தைகளின் வாயில் விழுந்த சொட்டுமருந்து ஏன் முழுமையாகப் பிடிக்கவில்லை என்ற ஜேக்கப் ஜானின் வினாவுக்கும், அரை நூற்றாண்டு கடந்த பின்னும், அதே ஆய்வுக்கூடத்தில் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.